‘நான்’ என்று ஆரம்பியுங்கள்

யோசனை எனக்கு பஸ்ஸில்தான் வந்தது.

ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்கு வரும் வழியில், ஒரு வளைவில் பஸ் நின்றுவிட்டது. கொட்டும் மழை. டிரைவர் இறங்கிப் போய் எஞ்சினைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் விளங்கியது.

அப்போதுதான் கவனித்தேன். முன் சீட்டு அக்கா “முருகா… முருகா…” என்று முணுமுணுத்தார். ஜன்னலோரத்து நானா, எங்கள் சந்தியில் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர், தஸ்பீஹ் மணியை உருட்டினார். பின் சீட்டில் ஒருவர் டிப்போ, ரோடு, அரசாங்கம் என்று வரிசையாகத் திட்டினார். திட்டத் திட்ட அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. நான்? படித்த பிள்ளை அல்லவா… போனில் தியான ஆப்பைத் திறந்தேன். ‘மூச்சை ஆழமாக உள்ளே இழுங்கள்’ என்றது. இழுத்தேன். சிக்னல் போய்விட்டது. வெளியே விடச் சொல்ல ஆளில்லை.

அந்த பஸ்ஸிலேயே டென்ஷனாக இருந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே, மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று இந்த மக்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதீர்கள். உலகத்தில் நடக்கிற முக்கால்வாசி செயலமர்வுகள் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன.

கொழும்பிலிருந்து வகுப்பு எடுக்க ஒரு வளவாளர் வந்தார். நல்ல மனிதர், இஸ்திரி போட்ட சட்டை, மென்மையான குரல். இடம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் என்பதால், அங்கே இருப்பதெல்லாம் குட்டிக் கதிரைகள். அதில் முழங்காலும் தாடையும் முட்டிக்கொள்ள உட்கார்ந்து, பெண்கள் மன அமைதியைப் பற்றிக் கேட்டார்கள். ஆண்கள் வாசலில் நின்றார்கள். அவர்களுக்கு மன அழுத்தம் கிடையாது. பகல் சாப்பாட்டுப் பார்சல் உண்டு என்று கேள்விப்பட்டு வந்தவர்கள்.

“உங்களில் யாருக்கு மன அழுத்தம் இருக்கிறது?” என்று வளவாளர் கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. மொழிபெயர்க்க நான் குதித்தேன். “ஸ்ட்ரெஸ்… அதாவது பிரஷர்…”

பாதிக் கைகள் உயர்ந்தன. ஒரு அக்கா எழுந்து, தனக்குக் காலையில் ஒரு குளிசை, ராத்திரி அரைக் குளிசை என்றார். இன்னொருவர், கிளினிக்கில் போன மாதம் வெள்ளைக் குளிசை தந்தார்கள், இந்த மாதம் மஞ்சள் தருகிறார்கள், இரண்டும் ஒன்றுதானா என்று வளவாளரிடம் கேட்டார். மனிதர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த யானைப் படத்தைப் பார்த்தேன்.

பிறகு திரையில் ஒரு வாசகம் வந்தது. மன அழுத்தத்தை நாம் தாங்கும் விதத்தைத் தீர்மானிப்பவை மதம், ஆளுமை, கலாசாரம். அதற்கடுத்து மருந்து: ‘உங்கள் உணர்வை உரியவரிடம் நேராகச் சொல்லுங்கள். ‘நீ’ என்று ஆரம்பித்தால் சண்டை வரும். ‘நான்’ என்று ஆரம்பியுங்கள்.’

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு பெண் ‘நான்’ என்று ஆரம்பித்தால் அந்த வாக்கியத்தை யார் முடித்து வைப்பார்கள் என்பது வளவாளருக்குத் தெரியாது. மாமியார், புருஷன், கொழுந்தன்… அவசரத்துக்கு அடுத்த வீட்டுக்காரர்.

முன்வரிசையில் லெட்சுமி அக்கா இருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே பதில் “சரிங்க.” கங்காணி மேட்டு மலைக்குப் போகச் சொன்னாலும் சரிங்க, மாமியார் கறியில் உப்பில்லை என்றாலும் சரிங்க. போன மாதம் அவர் வீட்டுக்காரர் சந்திரன் அண்ணன், குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாயா என்று கேட்டிருக்கிறார். கேட்டார் என்பது மரியாதைக்கு. ஏஜென்சிக்காரரிடம் பேசி முடித்துவிட்டுத்தான் கேட்டார். அக்கா வழக்கம்போல “சரிங்க” என்றார். பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. லயமே வாழ்த்தியது.

ஒரே ஒரு நாள், தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், குடம் நிறையும் வரைக்கும் என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். “பாப்பா, எங்க சின்னவ என் காதப் புடிச்சிக்கிட்டுத்தான் தூங்குவா. வேற யாரு காதும் அவளுக்குச் சரிவராது.” குடம் நிறைந்தது. போய்விட்டார்.

செயலமர்வில் கடைசியாக மூச்சுப் பயிற்சி. கண்ணை மூடுங்கள்… தோளைத் தளர்த்துங்கள்… இழுங்கள்… விடுங்கள்… போனிலிருந்து ஏதோ மணிச்சத்தத்தையும் ஒலிக்கவிட்டார் வளவாளர். கோயில் மணி மாதிரியே இருந்தது. அதுதான் வினை.

லெட்சுமி அக்கா மூச்சை இழுத்தார். விட்டார். இழுத்தார். விடும்போது ‘உஸ்ஸ்’ என்று சத்தம் வந்தது. தோள் ஆடியது. பிறகு தலை. கொண்டை அவிழ்ந்து விழுந்தது. குட்டிக் கதிரை கவிழ்ந்தது. வளவாளர், “மிக நன்று, உடம்பை இப்படித்தான் தளர்த்த வேண்டும்” என்றார்.

“சேர், அந்தாண்ட தள்ளுங்க. சாமி வந்துருச்சு” என்று பின்னாலிருந்து ஒருவர் நிதானமாகச் சொன்னார்.

அதன்பிறகு யாருக்கும் பயிற்சி தேவைப்படவில்லை. ஒருவர் மஞ்சள் தண்ணீர் கரைத்தார். ஒருவர் சந்திக் கடை நானாவிடம் கற்பூரத்துக்கு ஓடினார். எந்த அம்மனுக்கு என்று கேட்டு, பெரிய பாக்கெட்டாகவே கொடுத்தனுப்பினாராம் அவர். வேப்பிலை எங்கள் குளிருக்கு வராது. யாரோ வாசலோரத்துத் தேயிலைக் கொப்பை ஒடித்துக் கையில் கொடுத்தார்கள். எங்கள் அம்மன் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த மேரி அக்கா சபைக்குப் போகிறவர். கண்ணைத் திறக்காமலே ஜெபத்தை ஆரம்பித்தார். வளவாளர் ஆம்புலன்சுக்கு அழைக்க நம்பர் தேடினார். சிக்னல் இல்லை.

தோட்டத் தலைவர் கைகூப்பி முன்னே வந்தார். எந்தக் கூட்டத்திலும் ஒரு பெண்ணை முழுதாகப் பேசவிட்டதில்லை அவர். “தாயே, யாரு வந்திருக்கீங்க?” என்று பணிவாகக் கேட்டார்.

“நான் மாரி வந்திருக்கேன்டா.”

கவனித்தீர்களா? ‘நான்.’ வளவாளர் சொல்லிக்கொடுத்தபடியே ஆரம்பித்தாள் ஆத்தா. அந்த வகுப்பில் பாடத்தை ஒழுங்காகக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

“சந்திரன் எங்க?”

பார்சலுக்குக் காத்திருந்த சந்திரன் அண்ணன் முன்னால் தள்ளப்பட்டார்.

“என் பொண்ணக் கடலுக்கு அந்தாண்ட அனுப்பப் பாக்குறியாடா? அவ போனா உன் வீட்டுல வெளக்கு எரியுமா?”

“தாயே… ஏஜென்சிக்காரர்கிட்ட சொல்லிட்டேனே தாயே…”

“அவன்கிட்ட நான் பேசிக்கிறேன். பாஸ்போர்ட்டக் கொண்டாந்து என் காலடியில வையி.”

அம்மனுக்கு பாஸ்போர்ட் என்ற சொல் தெரிந்திருந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. தோட்டத்து அம்மன், தெரிந்துதானே ஆக வேண்டும்? சந்திரன் அண்ணன் மழையில் ஓடிப் போய் எடுத்து வந்தார். உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்து, அனுப்ப மாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஆத்தா மலையேறினாள். லெட்சுமி அக்கா மயங்கி விழுந்து, எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சோடா குடிக்கிறியா என்று யாரோ கேட்டதற்கு, “சரிங்க” என்றார்.

யோசித்துப் பாருங்கள். “நான் போகல” என்று லெட்சுமி அக்கா சொல்லியிருந்தால்? குடும்பமே கூடிப் புத்தி சொல்லியிருக்கும். பிள்ளைகளின் எதிர்காலம் பற்றி ஆளுக்கொரு பாடம் நடந்திருக்கும். அதையே மாரி சொன்னால் கற்பூரம். இதைத்தான் திரையில் மதம், ஆளுமை, கலாசாரம் என்று அழகாக எழுதியிருந்தார்கள். நான் நாள் முழுக்க வாயடிக்கிறவள். எனக்கு ஒரு சாமியும் வந்ததில்லை… வந்து, பேச இடம் கிடைக்காமல் திரும்பிப் போயிருக்கலாம்.

வளவாளர் தன் அறிக்கையில், ‘பங்கேற்பாளர் ஒருவருக்கு லேசான தலைச்சுற்று; மற்றபடி தளர்வுப் பயிற்சி பயனளித்தது’ என்று எழுதியதாக அறிந்தேன். பயனளித்தது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

ஏஜென்சிக்காரர் போன் எடுத்துக் கத்தினாராம். சந்திரன் அண்ணன், “நீங்களே ஆத்தாகிட்டப் பேசிக்கிருங்க” என்று வைத்துவிட்டார். பாஸ்போர்ட் இப்போது அவர்கள் வீட்டு மாரியம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. எடுக்க வேண்டுமானால் அம்மனை நகர்த்த வேண்டும். நகர்த்த யாருக்குத் தைரியம்? சின்னவள் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

எனக்கு மட்டும் தூக்கமில்லை. படித்த பிள்ளையின் வியாதி, எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பீலியடியில் அக்காவைப் பிடித்தேன். நிசமாகவே சாமி வந்ததா என்று கேட்டே விட்டேன்.

அவர் குடத்தைத் திருப்பி வைத்தார். “எனக்கு ஒன்னுமே தெரியாது பாப்பா. சேர் கண்ண மூடுங்கன்னாரு. சரிங்கன்னு மூடுனேன்.”

நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றினார்.

“ஆனா நல்ல மனுசன். சும்மா உக்காந்து மூச்சு விடுன்னு என்னைய யாருமே சொன்னதில்ல.”

நான் அடுத்து என்ன கேட்பது என்று யோசிப்பதற்குள் அவரே கேட்டார். “அடுத்த கிளாஸ் எப்ப?”

அவர் மட்டுமா? இந்த வாரம் மட்டும் எத்தனை பேர் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஒருவருக்குக் குடிகார மகனிடம் பேச வேண்டியிருக்கிறதாம். ஒருவருக்கு மாமியாரிடம். மேரி அக்காவின் பிரச்சினை கொஞ்சம் டெக்னிக்கல். “எனக்கு சபையில அந்நிய பாஷை வரும் பாப்பா. வந்து என்ன, எங்க வீட்டுக்காரருக்கு வெளங்கணுமே.”

ஆண்கள் தலைவரிடம் போய், இந்தச் செயலமர்வெல்லாம் நமது கலாசாரத்துக்குப் பொருந்தாது என்று முறையிட்டிருக்கிறார்கள். கலாசாரத்தின் மேல் அவர்களுக்கு இவ்வளவு அக்கறை இருப்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் செயலமர்வு. வளவாளர் வரவில்லையாம், நானே நடத்தப் போகிறேன். மஞ்சளும் கற்பூரமும் முன்கூட்டியே சொல்லி வைத்தாகிவிட்டது. மணிச்சத்தத்தை போனில் டவுன்லோட் செய்து வைத்திருக்கிறேன். சிக்னலை நம்பப் போவதில்லை.

பார்சலும் உண்டு. ஆனால் இந்த முறை ஆண்களை வாசலில் நிற்கவிடுவதாக இல்லை — முன்வரிசைக் குட்டிக் கதிரைகள் அவர்களுக்குத்தான்.