பாதியில் போர்த்திய பொன்னாடை

லண்டன் டூட்டிங்கில் மீன் வாங்குகிறவர்களுக்கு இப்ரிமா சூசோவைத் தெரியாமல் இருக்காது. அப்பர் டூட்டிங் ரோட்டில் நம் ஆட்கள் நடத்தும் மீன்கடையில் கத்தியும் கையுமாய் நிற்கிற நெடிய காம்பிய நாட்டு மனிதர் அவர். "அக்கா, தலையை வைக்கவோ, எறியவோ?" என்று யாழ்ப்பாணத் தமிழில் அவர் கேட்டால், புதிதாய் வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். எங்கே படித்தீர்கள் என்று விசாரித்தால், "சூடை மீனிட்டைப் படிச்சனான்," என்பார்.

மீன் வெட்டுவது வயிற்றுக்கு. அவருடைய உண்மையான வேலை வேறு. இப்ரிமா பிறப்பால் ஜலி. குடும்பங்களின் வம்ச வரிசையை மனத்தில் வைத்திருந்து பாடுகிறவர்களை அவர்கள் நாட்டில் அப்படித்தான் சொல்வார்கள். பெரிய சுரைக்குடுவையில் தோல் இழுத்துக் கட்டி, நீண்ட கழுத்தில் நரம்புகள் பூட்டிய கோரா அவருடைய வாத்தியம்.

லண்டனில் பிறந்த காம்பியப் பிள்ளைகளுக்கு ஊரில் யாரையும் தெரியாது. ஊருக்கும் அவர்களைத் தெரியாது. இப்ரிமா சபை கூட்டி, ஒரு பிள்ளையின் வம்சத்தை முதல் பாட்டனிலிருந்து பாடிக்கொண்டு வருவார். அங்கே ஊரில் உறவினர் எல்லாரும் ஒரு தொலைபேசியைச் சுற்றி இருந்து கேட்பார்கள். கடைசியில் பிள்ளையின் பெயர் வரும். சபை நடுவே ஜலியின் வாயால் அந்தப் பெயர் வந்துவிட்டால் அது அந்த வீட்டுப் பிள்ளை. பிறகு மறுபேச்சு இல்லை. ஆனால் சூசோ வீட்டாருக்கு ஒரு கட்டு உண்டு: தொடங்கினால் முடிக்க வேண்டும். எந்தப் பெயரில் பாட்டு நிற்கிறதோ, அந்தப் பெயரோடு வம்சம் முடிந்ததாக அர்த்தம்.

கும்பாவுக்காகப் பாட அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கும்பா இங்கே பிறந்தவள், மருத்துவமனையில் தாதி. அவளுடைய தகப்பன் லாமின் ஊர் திரும்பாமலே இறந்துபோனார். "என் தம்பி லண்டனில் பிள்ளை பெற்றதை யார் கண்டது?" என்று ஊரில் இருந்த பெரியப்பன் கதவைச் சாத்திவிட்டார். தகப்பன் பிறந்த வீட்டுக்குள் ஒருநாளாவது மகளாய்க் கால் வைக்க வேண்டும் என்பதுதான் அவள் கேட்டது. இப்ரிமா மாதக்கணக்காய்த் தொலைபேசியில் மன்றாடினார். கடைசியில் பெரியப்பன் இறங்கி வந்தார். "சபையில் பாடு. கேட்கிறேன்."

அந்த நேரம் பார்த்துத்தான் தமிழ்ச் சங்கம் தன் கலைவிழாவில் வாசிக்க இப்ரிமாவைக் கேட்டது. நல்ல மண்டபம், நல்ல சபை. கும்பாவின் வம்சத்தை அங்கேயே பாடிவிடலாம் என்று அவர் தன் ஆட்களையும் வரச் சொன்னார். சங்கத் தலைவர் செபமாலைமுத்து மீன்கடையின் பழைய வாடிக்கைக்காரர். அவரிடம் முன்கூட்டியே சொல்லியும் வைத்தார்.

"அண்ணை, நான் பாடி முடியுமட்டும் ஒருத்தரும் மேடைக்கு வரக்கூடாது."

"ஓமோம், நீ வடிவாப் பாடு. நான் பாக்கிறன்."

அவர் பார்த்த இலட்சணத்தைக் கேளுங்கள்.

கும்பா முன்வரிசையில் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பாட்டன், அவர் மகன், அவர் மகன் என்று பாட்டு இறங்கி வந்தது. பின்வரிசையில் இருந்த காம்பியர்கள் ஒவ்வொரு பெயருக்கும் குரல் கொடுத்தார்கள். இப்ரிமா "லாமின்" என்று பாடி, அடுத்த பெயருக்காக மூச்சை இழுத்தார்.

தோளில் ஏதோ விழுந்தது. பொன்னாடை!

பிரதம விருந்தினரான கவுன்சிலர் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தார். செபமாலைமுத்து அவரைக் கையோடு மேடையேற்றி, ஒலிவாங்கியை இப்ரிமாவின் வாய்க்கு முன்னாலேயே பிடுங்கி, "கலைஞரைக் கௌரவிக்கும் முகமாக..." என்று தொடங்கிவிட்டார். படம் எடுக்கிறவர் சிரிக்கச் சொன்னார். மண்டபம் முழுக்கக் கைதட்டியது.

கும்பாவின் தொலைபேசியில் ஊர்ப்பக்கம் அழைப்பைத் துண்டித்திருந்தார்கள்.

மேடைக்குப் பின்னால் அவள் திரும்ப எடுத்தாள். பெரியப்பனின் குரல் வெளியே கேட்டது. "ஜலி லாமினோடு நிறுத்தினான். சபையும் கைதட்டி ஏற்றுக்கொண்டது. ஊரே கேட்டது. இனி என்ன கதை?"

"நான் நிறுத்தவில்லை! இப்போதே பாடுகிறேன், கேளுங்கள்!" என்று தங்கள் மொழியில் கத்தினார் இப்ரிமா.

"அறைக்குள் யாரும் எதையும் பாடலாம்," என்றார் பெரியப்பன்.

கும்பா சுவரில் சாய்ந்து நின்றாள். அவள் அழவில்லை. "கைதட்டினாங்க, அங்கிள்," என்று ஆங்கிலத்தில் சொன்னாள். "எனக்கு அப்பா இல்லையென்று கைதட்டினாங்க."

இப்ரிமாவுக்கு உச்சந்தலை கொதித்தது. சாப்பாட்டுப் பொதியோடு வந்த செபமாலைமுத்துவை வழிமறித்தார்.

"என்ன வேலை பாத்தனீங்கள் அண்ணை?"

"என்னடாப்பா, மரியாதை தானே செய்தனாங்கள். அந்தாள் எட்டு மணிக்குப் போகோணும். படம் எடுக்க வேண்டாமோ?"

"உங்கடை மாதா கோயில்லை சுவாமி அப்பத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க, இடையிலை போய்ப் பொன்னாடை போடுவியளோ?"

செபமாலைமுத்து சாப்பாட்டுப் பொதியை மற்றக் கைக்கு மாற்றினார். "அது... அது பூசையெல்லோ."

"இது என்ன, புட்டு அவிக்கிறதோ? இந்தப் பிள்ளைக்கு ஊர் இல்லாமல் பண்ணிப்போட்டியள்! எனக்குத் திரும்ப மேடை வேணும்."

"இப்ப ஏலாது. கவுன்சிலர் பேசிறார். பிறகு நடனம் இருக்கு. கோவிக்காதை, வாற வருசம் பாப்பம்."

வாற வருசம்! பிரியாணிப் பொதியை நீட்டியபடி அவர் அதைச் சொன்னார். மரியாதை செய்கிறோம் என்று வருகிறவர்கள், யாருக்குச் செய்கிறோம் என்று ஒருதரம் முகத்தைப் பார்த்தால் என்ன?

இப்ரிமா பொதியை வாங்கவில்லை. பொன்னாடையை உருவி அவருடைய தோளிலேயே போட்டார். கோராவைத் தூக்கினார். கும்பாவிடம், "எடு, திரும்ப எடு. அவர் வைத்தால் இன்னொருதரம் எடு," என்று சொல்லிவிட்டு மேடையேறினார்.

கவுன்சிலர் பல பண்பாட்டுச் சமூகம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். இப்ரிமா அவருக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் பாட்டனிலிருந்து தொடங்கினார். கவுன்சிலர் பேச்சை நிறுத்தி ஒதுங்கினார். செபமாலைமுத்து திரையோரம் நின்று, "நிப்பாட்டு, சவுண்டை நிப்பாட்டு!" என்று கை காட்டினார்.

ஒலியமைப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவன் றமணன். "அண்ணை, நீங்கள் முதல் நிப்பாட்டினதே போதும்," என்று அங்கிருந்தே சத்தமாய்ச் சொல்லிவிட்டு, ஒலியை இன்னும் கூட்டினான்.

பாட்டன், மகன், அவர் மகன். பின்வரிசை எழுந்து நின்றது. ஊரில் தொலைபேசியை எடுத்துவிட்டார்கள்; கும்பா அதை உயரத் தூக்கிப் பிடித்தாள். முதலில் கைதட்டிய நம் ஆட்கள் இப்போது கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். லாமின். இப்ரிமா மூச்சு விடவே இல்லை. லாமினின் மகள் கும்பா!

காம்பியர்கள் எழுப்பிய குரலில் மண்டபம் அதிர்ந்தது. அது அடங்கிய பிறகு கும்பா தொலைபேசியை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்தாள். அந்தப் பக்கம் பெரியப்பன் இருமினார்.

"கடைசிப் பெயர் சரியாய்க் கேட்கவில்லை," என்றார்.

அவருக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஊரார் முன்னிலையில் இறங்கி வர அவருக்கு ஒரு படி தேவைப்பட்டது, அவ்வளவுதான். இப்ரிமாவுக்கு அந்தக் கிழவரையும் சேர்த்து அறையலாம் போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, கும்பாவின் பெயரை இன்னொரு தரம் பாடினார். பாடியது பாட்டாகவே இல்லை, ஏச்சுப் போலத்தான் இருந்தது.

"சரி," என்றார் பெரியப்பன். "எப்போது வருகிறாள்?"