ஒரிஜினல் சீடி வாங்கிய வாட்சர்

யட்டியாந்தோட்டை கேம் கடையில் அன்று ஆறு கம்ப்யூட்டர் முன்னாலும் ஒரே பேச்சு: புது கேமுக்குக் கம்பனி போட்ட பூட்டு. இன்டர்நெட்டில் அனுமதி கேட்டால்தான் அது திறக்கும். எங்கள் கடைத்தெருவில் இன்டர்நெட் லைன் இல்லை. பூட்டை உடைத்த காப்பி சீடிகளோ தாராளமாக ஓடின. ஒரிஜினல் வாங்கியவர் ஒருவர்தான், ரப்பர் ஃபெக்டரி கேட்டைக் காக்கும் வாட்சர். ஒட்டிய கன்னம், காக்கிச் சட்டை. எரிச்சல் வந்தால் சட்டை நுனியால் சீடியைத் துடைப்பார்.

“நல்லவனா இருந்து மாட்டிக்கிட்டீங்களே அண்ணே” என்று ஒருவன் சிரித்தான்.

வாட்சர் என்னிடம் திரும்பினார். “ஃபெக்டரி கேட்ல எல்லார் பையையும் சோதிக்கிறது நான்தாங்க சேர். ரப்பர் ஷீட் திருடுறவன் கேட் பக்கமே வர்றதில்ல. எனக்கே தெரியுது, இந்தக் கம்பனிக்காரனுங்களுக்குத் தெரியாதா?”

கடைக்காரர் நீட்டிய காப்பி சீடியை அவர் தொடவில்லை. நாங்கள் ஆடுவதைப் பின்னால் நின்றே பார்த்தார். அந்தக் கம்பனிமேல் எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. தன்னை நம்பாதவர்களிடம் அவரால் எப்படி அவ்வளவு நேர்மையாக இருக்க முடிந்தது?