மகனுக்கு முடி சூட்டாத அரசன்

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மையீர், இதை என்றோ கண்டெடுத்து வாசிக்கும் தாங்கள் யாராயினும் வணக்கம். எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்ட நான், ஒஸ்லோவில் ஓர் அரசனின் வரலாற்றைக் கூத்தாக எழுதி மேடையேறக் கண்டேன் என்பதைப் பெருமையுடன் பதிவு செய்கிறேன்.

அவன் முன்னொரு காலத்தில், இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹீமியாவை ஆண்ட, ஹுசைட் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த அரசன். நான் வசிக்கும் ஹவுகெட்டோவிலிருந்து வேலைக்குச் செல்லும் ரயிலில், நூலகத்து நோர்வேஜிய நூல்களை அகராதியின் துணையுடன் படித்து அவனை அறிந்தேன். அரச குலத்தில் பிறவாத அவனைப் பிரபுக்கள் கூடித் தெரிவு செய்தனர். பூசையில் குருவானவர் மட்டும் அருந்திய திராட்சை இரசக் கிண்ணம் பொதுமக்களுக்கும் உரியது என்பது அவனுடைய சமயத்தாரின் கொள்கை. அதனைக் கைவிட மறுத்தமையால் பாப்பரசர் அவனைத் திருச்சபைக்குப் புறம்பாக்கினார். மருமகனாயிருந்தவனே அவன்மீது படையெடுத்தான். அவனோ, அரசர்கள் யாவரும் போரை விட்டு ஒரே சபையில் கூடவேண்டுமெனத் தூதனுப்பியவன். போரால் நாட்டை விட்டு வந்த எனக்கு அவன்மேல் பற்று ஏற்பட்டதில் வியப்பில்லை.

எங்கள் கத்தோலிக்கத் தேவாலயப் பங்கு மக்கள் ஆண்டுதோறும் கூத்தாடுவர். கூத்தைப் பழக்கி அரச வேடமும் பூணும் அண்ணாவியார், ட்வெய்ட்டாவிலுள்ள தமது வீட்டில், நான் கூத்தை எழுதிய கொப்பியை வாசித்தார். பாப்பரசரின் தண்டனை அவரை உறுத்தவில்லை. கடைசிக் காட்சியே உறுத்தியது. எங்கள் கூத்தில் அரசன் இறந்தால் மகன் முடி சூடுவான், உடனே மங்களம் பாடிக் கூத்து முடியும்.

"ஓய் புலவர், ராசா சாகக் கிடக்கிறார், மகன் பக்கத்திலை நிக்கிறான். முடி ஆருக்கு?"

"போலந்து இளவரசனுக்கு."

"அவன் கூத்திலை வரவேயில்லையே!"

"ஓம், வரேல்லை. ஆனால் அவனைத் தெரிவு செய்யச் சொன்னவர் ராசாதான். தன்ரை பிள்ளையளுக்கு அவர் கேக்கேல்லை."

"விசர்க் கதை கதையாதையும். என்ரை மகன்தான் இளவரசன். முடியும் செய்தாச்சு. அங்கை காயுது, பாரும்."

சமையலறை மேசையில் தங்கத்தாள் ஒட்டிய முடி ஒன்று உண்மையிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணாவியார், ராசாவின்ரை மகனாய்ப் பிறக்காமல் ராசாவானவர் அவர். அவரும் மகனுக்கே குடுத்தால் அவரிலை என்ன மிச்சம்? முடிவை மாத்திறதெண்டால் கொப்பியைத் தாரும், நான் போறன்."

அவர் கொப்பியைத் தரவுமில்லை, சம்மதிக்கவுமில்லை. "மேடையிலை பாரும்" என்றார். அதன்பின் ஒத்திகைக்கு நான் அழைக்கப்படவில்லை.

கூத்தன்று முன்வரிசையில் குளிர்காலக் கோட்டைக் கழற்றாமலே அமர்ந்தேன். மகன் தலையில் முடி ஏறினால் எழுந்து போவதென்பது என் தீர்மானம். நோயுற்ற அரசன் மகனை அழைத்தான். அவ்வேடம் பூண்ட அண்ணாவியாரின் மகன், கலியாணம் முடித்தவன், முழந்தாளிட்டான். அரசனின் கையில் அந்தத் தங்கத்தாள் முடி. மங்களம் வருகிறதென்று பலர் எழுந்து நின்றனர். அப்போது மத்தளம் நின்றது. அண்ணாவியார் பாடினார்:

"ஊரார் தந்த முடி மகனே – இதை
ஊரார்க்கே விட்டுப் போறேன்."

வெறும் நாற்காலியில் முடியை வைத்துவிட்டுச் சாய்ந்தார். அவ்வரிகள் என் கொப்பியில் இல்லை, அவர் கட்டியவை. அவற்றிலும் சிறப்பாக நான் எழுதியிருக்க முடியாது.

"ஐயோ பாவம், பெடியன்!" என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. மண்டபம் சிரித்தது. பின்னர் நெடுநேரம் கைதட்டியது.

திரைக்குப் பின்னால் அண்ணாவியார் என்னைக் கண்டதும், "இனியாவது கோட்டைக் கழட்டும் புலவர். மேடையிலை நிண்ட எனக்கே உம்மைப் பாக்க வேர்த்தது" என்றார். கழற்றினேன்.

இந்த வரலாற்றை அன்புகூர்ந்து பத்திரமாக வைத்திருங்கள்.