ஒரு ஹம்மிங்குக்கு இரண்டு மூச்சு

மெல்லிசைக் குழுவில் கோரஸ் பாடுகிறவள் நான். முன்னால் நின்று பாடுகிறவர்களின் முகம்தான் ஃப்ளெக்ஸில் வரும். பின்னால் கீபோர்டுக்குப் பக்கத்தில் ஒரே நிறச் சேலையில் இரண்டு பெண்கள் நின்று "ம்ம்ம்" என்று இழுத்துக்கொண்டிருப்போமே, அதில் இடது பக்கம் நிற்பது நான். வலது பக்கம் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் கல்யாண வரவேற்பு, அம்மன் கோயில் திருவிழா, மாதா கோயில் சப்பரம் என்று பதினாறு வருஷமாக ஒரே வேனில் போய் வருகிறோம். கூடப் பிறந்தவளோடு நான் இவ்வளவு பொழுது இருந்ததே இல்லை.

எங்கள் வேலையில் ஒரே ஒரு சட்டம்தான். ஹம்மிங் அறுபடக் கூடாது. நான் மூச்சு வாங்கும்போது அக்கா விடாமல் பிடித்திருப்பாள், அவள் வாங்கும்போது நான். அவள் தோள் லேசாக உயர்ந்தால் எனக்குத் தெரிந்துவிடும். கேட்கிறவர்களுக்கு, யாருமே மூச்சு விடாமல் பாடுகிற மாதிரி இருக்கும். அதற்காக யாரும் எங்களைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தியதில்லை, அது வேறு விஷயம்.

போன வருஷம் எனக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். சாதாரணக் கட்டிதான் என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்குத்தான் இல்லை. பேச்சு கம்மலாக வந்தது, பாட்டு வரவே இல்லை. "மூணு மாசமாகலாம், ஆறு மாசமாகலாம், சிலருக்கு இப்படியே இருந்துடறதும் உண்டு" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இப்படியே இருந்தால் நான் என்ன செய்வேன்? பாடுவதைத் தவிர எனக்கு ஒரு வேலையும் தெரியாது. என் இடம் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் போதும், காலேஜ் முடித்த பெண்கள் வந்து நின்றுவிடுவார்கள். குழுத் தலைவருக்குப் போன் போட்டு, "எல்லாம் சரியாப் போச்சுண்ணே, வாரேன்" என்றேன். "தொண்டை கரகரங்குது?" என்றார். "சளிண்ணே" என்றேன். வாய் கூசாமல்.

ஆயக்குடியில் ஒரு திருவிழாக் கச்சேரி. முதல் பாட்டில் முயன்று பார்த்தேன். காற்றுதான் வந்தது. பயந்துபோய் வாயை மட்டும் அசைக்க ஆரம்பித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஜனங்கள் கை தட்டினார்கள், தலைவர் ஒன்றும் சொல்லவில்லை. அடடா, இவ்வளவு சுலபமா என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் ஐந்து மாதம் இதே பிழைப்பு. கண்ணாடி முன்னால் நின்று வாயசைக்கப் பழகினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு மட்டும் மேடையை விட்டு இறங்கும்போது மேல்மூச்சு வாங்கும். பாட்டில் தண்ணீரை ஒரே மடக்கில் குடிப்பாள். "என்னக்கா இம்புட்டு இளைக்குது?" என்று நானே கேட்டேன், என் நெஞ்சழுத்தத்தைப் பாருங்கள்! "வயசாகுதுல்ல புள்ள" என்றாள். நான் நம்பினேன். நம்புவதுதான் எனக்கு வசதியாக இருந்தது.

அப்புறம் ஒரு நாள், கீரனூரில் ஒரு வரவேற்பு. வேன் நாகல் நகரில் வந்து ஏற்றிக்கொள்ளும். ஆட்டோவில் போய் இறங்கினேன். இறங்கி இரண்டு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது, கச்சேரிச் சேலை வைத்த பை ஆட்டோவிலேயே இருக்கிறது. ஆட்டோ அதற்குள் கிளம்பிவிட்டது.

"ஏலே, நிப்பாட்டுலே!"

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தூரத்தில் ஆட்டோ நின்றது. டிரைவர் பையோடு வந்து, "எதுக்குக்கா இம்புட்டு சத்தம்? தெருவுக்கே கேக்குது" என்றார். "நெசமாவா? நல்லாக் கேட்டுச்சா?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. பையைக் கட்டிக்கொண்டு ஒரு கடை ஓரமாக ஒதுங்கி, மெல்ல ஒரு "ம்ம்ம்" இழுத்துப் பார்த்தேன். வந்தது! கொஞ்சம் முரடாக, ஆனால் சுருதியில் நின்றது. மாதாவே, அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

வேனில் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. மேடையில் முதல் பாட்டு தொடங்கியது. எங்கள் இடம் வந்ததும் அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். தொண்டை அதிர்கிறது, ஸ்பீக்கர் பெட்டியில் என் குரல் இல்லை. போச்சு, மறுபடியும் போச்சு என்று நினைத்தேன். அப்புறம்தான் என் மைக்கை விரலால் தட்டிப் பார்த்தேன், அந்தச் சத்தமும் பெட்டியில் வரவில்லை. சவுண்ட் ஆபரேட்டர் பக்கம் திரும்பி மைக்கைத் தொட்டுக் காட்டினேன். அவர் ஒட்டன்சத்திரத்துக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், லேசில் பதறாதவர். புருவத்தை உயர்த்தி, நிஜமாகவா என்பது போலக் கையை விரித்தார். நான் தலையாட்டினேன். ஒரு பட்டனைத் தட்டி எதையோ மேலே தள்ளினார்.

என் குரல் மண்டபத்துக்குள் வந்தது. அக்கா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். அவள் தோள் உயர்ந்தது. கண்ணை மூடி, நிதானமாக, வயிறு நிறைய மூச்சு வாங்கினாள். நான் பிடித்திருந்தேன்.

பாட்டு முடிந்து ஆட்டக்காரர்கள் மேடை ஏறியதும் ஆபரேட்டரிடம் போனேன். "எப்ப இருந்துங்க என் மைக்கு மூடிக் கிடக்குது?"

"மொத நாள்ல இருந்தேங்கக்கா. வெறுங்காத்தா வந்துச்சுங்க. தலைவர் காதுல விழுந்துரும்னு அந்தக்காதான் மூடச் சொன்னாங்க."

திரும்பினால் பின்னாலேயே அக்கா நிற்கிறாள். "ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ வராம நின்னுருப்ப, கிறுக்கி. அஞ்சு மாசமா உம்மூச்சையும் சேத்து நாந்தான் விட்டேன். இனி நீ பாடு. நான் செத்த நேரம் சும்மா நிக்கிறேன்."

அடுத்த பாட்டில் அக்கா வாயை மட்டும் அசைத்தாள். ஹம்மிங்கை நான் ஒருத்தியே இழுத்தேன். பாதியில் எனக்கு மூச்சு முட்டியது. அறுந்துவிடும் என்று நினைத்த இடத்தில், பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்து பிடித்துக்கொண்டது.