டிரான்ஸ்போஸ் பட்டனும் என் பொய்யும்

சுருதி பிசகாமல் பாடிய ஒருத்தியை, சுருதி தெரியாதவள் என்று முப்பது பேர் முன்னால் சொன்னேன். தவறு என் கீபோர்டில் இருந்தது. அது தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. கீபோர்டு பழக வருகிறவர்களுக்கு ஸ்கேல் என்றால் என்னவென்று விளக்கும்போது இதையும் சொல்லிவிடுகிறேன்.

எந்த ஸ்வரத்தை ‘ஸ’ என்று வைத்துக்கொண்டு பாடுகிறோமோ, அதுதான் பாட்டின் ஸ்கேல். டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தினால் விரல் அதே கட்டைகளில்தான் போகும். சத்தம் மட்டும் மேலேயோ கீழேயோ நகரும். வசதிதான். மறந்தால் வினை.

கோவில்பட்டியில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவுக்கு நான் மாஸ்டர். ஈஸ்டர் ஒத்திகையில் ஆண்கள் பாட்டுக்காக டிரான்ஸ்போஸை இரண்டு படி ஏற்றியிருந்தேன். இறக்க மறந்துவிட்டேன். அடுத்தது புஷ்பத்தின் தனிப்பாட்டு. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள். பழகிய பாட்டை யாரும் சுருதி கொடுக்காமலே சரியான ஸ்கேலில் எடுப்பாள். முதல் வரியைத் தனியாகப் பாடினாள். இரண்டாம் வரியில் நான் சேர்ந்ததும் குரலும் கீபோர்டும் முட்டிக்கொண்டன.

“ஏம்மா, காதுல பஞ்சா வச்சிருக்க? சுருதி எங்கயோ போகுதே!” என்றேன். பின்வரிசையில் சிரித்தார்கள்.

அப்போதுதான் டிஸ்ப்ளேயில் +2 கண்ணில் பட்டது. இடது கையால் மறைத்துக்கொண்டு பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். மறுபடி பாடினாள், பொருந்தியது.

“பாத்தியா, சொன்னதும் சரியா வருதுல்லா?” என்றேன். முன்னால் செய்தது கவனக்குறைவு. இது பொய்.

ஈஸ்டருக்கு அவள் வரவில்லை. அதன்பின் ஒன்பது வருடம் ஆராதனையில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

போன வருடம் அவள் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

“அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி. நீங்க கைய வச்சு மறைச்சதப் பாத்தேன்லா.”

“அப்பமே சொல்லியிருக்கலாமே?”

“மாஸ்டர விட்டுட்டு என்னையா நம்புவாவ? எங்கிட்ட மட்டும் எதுக்குச் சொல்லுதீய? எங்கன வச்சுப் பேசுனீயளோ, அங்கன வச்சுச் சொல்லுங்க.”

அடுத்த ஒத்திகையில் எழுந்து நின்று சொன்னேன். ஒருவர் தன் மகளை என் வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். வாசிக்கும்போது பிசகினால் முதலில் உங்கள் கருவியைப் பாருங்கள். கண்டதை அங்கேயே சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்த பாடம் அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்துப் புஷ்பம் ஒத்திகைக்கு வந்தாள். மேல் ஸ்தாயி எட்டவில்லை. ஒன்பது வருடம் பாடாத தொண்டை. அதை என்னால் திருப்பித் தர முடியாது.

“கொஞ்சம் இறக்குங்க அண்ணாச்சி” என்றவள், குழுவின் பக்கம் திரும்பினாள். “எத்தன இறக்குதாவன்னு எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க!”

குழு கொல்லென்று சிரித்தது. நான் உரக்கச் சொல்லிக்கொண்டே இறக்கினேன்: மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் மூன்று.

“போதும், வாசிங்க” என்றாள்.