பின்சுவரை நாங்கள் பூசிய நாள்

எங்கள் வீட்டைப் பார்க்க ஜீப்பில் ஆள் வரப்போகிறது என்றதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அப்போது ஒன்பது வயது. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மலைச்சரிவை ஒட்டி வரிசையாய்க் கட்டிய லயத்தின் கடைசி வீடு எங்களுடையது. அந்த வருட மழையில் மேலே மண் சரிந்து லயத்தில் பல சுவர்கள் வெடித்திருந்தன. ஆபீஸ் மாத்தயாமார் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள், பிறகு கீழே, மண் சரியாத இடத்தில் புது வீடு கிடைக்கும் என்று லயமே பேசிக்கொண்டிருந்தது.

எந்த வீட்டுக்குக் கிடைக்கும் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் சுத்தமான வகுப்புக்குத்தானே பரிசு!

அம்மா கொழுந்தெடுக்கப் புறப்படும்போது, "பகல் சாப்பாட்டுக்கு மேலதான் வருவாங்களாம், அதுக்குள்ள நான் வந்துருவேன். வீட்டைக் கூட்டி வைடி" என்றாள். அப்பாவோ கொழும்பில் கடை வேலையில். ஆகவே புது வீடு வாங்கும் பொறுப்பு என் தலையில்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கூட்டியாயிற்று, பாத்திரங்களை அடுக்கியாயிற்று. பின்சுவர்தான் மானத்தை வாங்கியது. கூரையிலிருந்து தரைவரை வெடிப்பு, என் உள்ளங்கையே உள்ளே போகும். விடுவேனா? தங்கச்சியை விரட்டித் தண்ணி ஓடும் கானோரத்துக் களிமண்ணை வாளியில் கொண்டுவரச் செய்தேன். பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, மேலே மண்ணை அப்பினோம். தீபாவளிக்கு அடித்து மிஞ்சிய நீலச் சுண்ணாம்பைக் கரைத்துச் சுவர் முழுக்க அடித்தோம். கையெட்டாத இடத்துக்கு வாங்குப் பலகை மேல் ஏறினேன். அடேயப்பா, என்ன அழகு! தங்கச்சி கைதட்டிக் குதித்தாள்.

ஜீப் பத்து மணிக்கே வந்துவிட்டது. மாத்தயா உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மா எங்க? வெடிப்பு இருக்கா?" என்று உடைந்த தமிழில் கேட்டார்.

"ஒண்ணுமே இல்லைங்க சேர்! எங்க வீடுதான் நல்ல வீடு!" என்று கத்தினேன். வெளியே போய்ப் பார்த்தார். அந்தப் பக்கம் சுவரை மறைத்து விறகு அடுக்கியிருந்தது. சிரித்துக்கொண்டே எதையோ எழுதினார். ஆகா, வீடு நமக்குத்தான்!

சேதி கேட்டு அம்மா கொழுந்துக்கூடையோடு ஓடி வந்தாள். சுவரைப் பார்த்தாள். கூடையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். ஜீப் போய்விட்டிருந்தது. மறுநாள் ஆபீசுக்கும் போய்ப் பார்த்தாள், எழுதியது எழுதியதுதான் என்றார்களாம்.

அன்று ரோட்டிலிருந்து திரும்பி வந்தவள், மூச்சு வாங்க, "யாரு பூசினது?" என்று கேட்டாள்.

"நான்தாம்மா!"

அடி விழவில்லை. என் கையைப் பிடித்து, நகத்திலிருந்த மண்ணைக் கழுவிவிட்டாள். "நல்லாத்தான் பூசியிருக்க" என்றாள். எனக்கு ஒரே பெருமை.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. அதுவரை நானும் தங்கச்சியும்தான் பின்சுவரோரம் படுப்போம். அம்மா எங்கள் பாயை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, தான் அந்தச் சுவரோரம் படுத்துக்கொண்டாள். மழைக்காலம் முடியும்வரை அங்கேதான் படுத்தாள். நான் பூசிய சுவர் அம்மாவுக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.