பாலாற்று மணலில் நின்ற லாரி

பேரணாம்பட்டிலிருந்து உப்புப் போட்ட மாட்டுத் தோல் ஏற்றிக்கொண்டு ஆம்பூருக்குப் போனால் பாலாற்றைக் கடக்க வேண்டும். பெரும்பாலான மாதங்களில் ஆறு வெறும் மணல்தான். தென்னை ஓலை பரப்பிய தடத்தில் வண்டியை விட்டால் அக்கரை ஏறிவிடலாம். அன்று பிற்பகல் நடு ஆற்றில் சக்கரம் புதைந்தது. எஞ்சினும் அடங்கிவிட்டது.

என்னோடு வந்த சுமையாள் என் மனைவியின் அண்ணன். வீட்டாரை மீறி நாங்கள் கோயிலில் தாலி கட்டிக்கொண்டதிலிருந்து அவர் தங்கையோடு பேசுவதில்லை. என்னிடம் வேலைப் பேச்சு மட்டும்தான், அதுவும் "டிரைவரே" என்றுதான். தோல் பதனிடும் தொழிற்சாலையில் எங்கள் இருவரையும் ஒரே லாரியில் போட்டிருந்தார்கள்.

ஸ்டார்ட்டரை மிதித்தேன். லேசாக முனகிவிட்டு நின்றது. அவர் இறங்கி, முன்னால் கைச்சுற்றுக் கம்பியைச் செருகி எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். வியர்த்துக் கொட்டியதுதான் மிச்சம்.

அப்போது கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கத்தினாள்.

"மேக்கால மழ கொட்டியிருக்கு! ஆத்துல தண்ணி வருதாம், சீக்கிரம் எடுங்க!"

வாணியம்பாடிப் பக்கம் வானம் மை பூசினாற்போல் கிடந்தது.

காலையில் ஒரே மிதியில் கிளம்பிய வண்டி. பேட்டரி அதற்குள் செத்திருக்குமா? விளக்கைப் போட்டேன்.

"முன்னால பாருங்க, எரியுதா?"

"நல்லா எரியுது."

ஸ்டார்ட்டரை மிதித்தேன். "இப்போ?"

"அணைஞ்சி போச்சு. காலை எடு... ஆங், மறுபடி எரியுது."

பேட்டரியில் உயிர் இருந்தது. கரண்ட் வழியில் எங்கோ அடைபட்டிருந்தது. அடைபட்ட இடம் சுடும் என்று எனக்குத் தெரியும். இருக்கைக்குக் கீழிருந்த பலகையைத் தூக்கி ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயர் குளிர்ந்திருந்தது. பேட்டரியை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் செம்புப் பட்டையின் முனையில் விரல் பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். தோலிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் சட்டத்தில் இறங்கி, அங்கே பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. போல்ட்டை இறுக்கலாம் என்று ஸ்பானரைப் போட்டேன். அரித்துப்போன போல்ட் முறிந்து கையோடு வந்தது.

அவர் அதற்குள் ஓலைகளைப் பொறுக்கிச் சக்கரத்துக்கடியில் திணித்துவிட்டு வந்தார். நான் கயிறு அறுக்கும் கத்தியால் பட்டையையும் சட்டத்தையும் பளபளவென்று சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"வேற போல்ட் இல்லியா?"

"இல்ல."

அவர் மேற்கே ஒரு பார்வை பார்த்தார். தோளில் கிடந்த சாக்கை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டு வண்டிக்குள் மண்டியிட்டார்.

"நான் அமுக்கிப் புடிச்சிக்கிறேன். நீ மிதி."

"ஜாஸ்தியா சுடும்."

"மிதின்றேன்ல!"

மிதித்தேன். பொறி பறந்தது. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சாக்கு கருகும் நாற்றம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முழு எடையையும் பட்டைமேல் போட்டார். மறுபடி மிதித்தேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"விட்டுறட்டுமா?" என்றார் அவர்.

"வேணாம், நின்னுடப் போகுது. கரை ஏறட்டும்."

பின்னால் கொஞ்சம் எடுத்து, முன்னால் விட்டேன். ஓலை நெறிபட்டது. வண்டி ஆடி அசைந்து நகர்ந்தது. மேடு ஏறி ரோட்டைத் தொடும்வரை நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. எஞ்சினை அணைக்காமல் இறங்கித் திரும்பிப் பார்த்தோம். நுரையும் சருகுமாகப் பழுப்புத் தண்ணீர் மணலைத் தின்றுகொண்டே வந்தது. எங்கள் சக்கரத் தடம் கண்ணெதிரே மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கே ஆள் நிற்க முடியாத இழுப்பு.

அவர் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை வெளுத்துக் கொப்புளம் கண்டிருந்தது. என் துண்டை நனைத்துச் சுற்றிவிட்டேன். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"தங்கச்சிகிட்ட சொல்லாத. பயந்துக்கும்" என்றார்.

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் சொல்லிவிட்டேன். கொதித்துக்கொண்டிருந்த சோற்றை இறக்கிவைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி, அண்ணன் வீட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள்.